கந்தகம் தின்னும் மண்

பச்சையம்மாளுக்குக் கழுத்து திரும்பவில்லை. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதிதாக முளைக்கிற வீடுகளில் ஒன்றுக்கு அன்றைக்குத் தளம் போட்டார்கள். காலையில் மிஷின் சுற்ற ஆரம்பித்ததிலிருந்து கடைசிப் பாண்டுச் சட்டி மேலே ஏறும்வரை தலையில் கலவை இருந்துகொண்டே இருந்தது. இறக்கிவைத்த பிறகும் இருந்தது. சும்மாட்டுத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தவளை, பின்னால் வந்த ஆட்டோக்காரன் ஹாரன் அடித்து நகரச் சொன்னான். தலையைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பினாள்.

"இன்னாக்கா, லாரி ரிவர்ஸ் எடுக்கற மாதிரி திரும்பற?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

வெந்நீர் காயவைத்துக் கழுத்தில் ஊற்றிக்கொண்டு படுத்துவிட வேண்டும், சோறெல்லாம் அப்புறம் என்று நினைத்துக்கொண்டே வந்தாள். வீட்டுக் கதவு திறந்திருந்தது. புருஷன் கருப்பன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலையில் இருந்தான். அவன் வருகிற நாள் இல்லை. வாசலில் கிடந்தது கவிநிலாவின் செருப்பு. யுனிவர்சிட்டியில் ஆராய்ச்சி படிக்கிற மகள் வாரத்தின் நடுவில் வந்தால் ஒன்று காய்ச்சல், இல்லாவிட்டால் ஏதோ கை நழுவிப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

கவிநிலா அலமாரிக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். காலி.

"இதுல இருந்த மண்ணு எங்கம்மா?"

"வந்ததும் வராததுமா மண்ணக் கேக்கற. சோறு துன்னியா?"

"மண்ணு எங்கம்மா?"

"மழையில அடுப்புக்குப் போட்டேன்."

கார்த்திகையில், மலைச்சரிவே பெயர்ந்து இறங்கிய அந்தப் புயல் மழையில், வீட்டில் கேஸ் தீர்ந்துபோயிருந்தது. சிலிண்டர் வண்டி வர வழியில்லை. விறகு ஊறிப்போய்ப் புகைந்ததே தவிரப் பிடிக்கவில்லை. பாட்டிலைத் திறந்தால் டீசல் வாடை அடித்தது. ஒரு பிடி அள்ளி விறகின்மேல் தூவித் தீக்குச்சியைக் கிழித்தாள். குப்பென்று பற்றிக்கொண்டது. மழை விடும்வரை அந்த மண்தான் அடுப்பை மூட்டியது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் அதில்தான் பால் காய்ச்சிக் கொடுத்தாள். பத்திரமா இருக்கட்டும்மா என்று மகள் சொல்லியிருந்தது ஞாபகம் இருந்தது. ஆனால் மண்தானே? எந்த லாரி ஷெட்டுக்குப் போனாலும் கூடை கூடையாய் அள்ளலாமே என்று நினைத்தாள்.

கவிநிலா முதலில் சிரித்தாள். சிரிப்பு நின்றபோது முகம் வேறு மாதிரி ஆகியிருந்தது. பச்சையம்மாள் வெந்நீரை மறந்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இப்ப சொல்லு. இன்னா ஆச்சு?"

"டீசல்ல கந்தகம் இருக்கும்னு சொல்லி இருக்கேன்ல? எரிஞ்சா புகையில வந்து நெஞ்ச அடைக்கும். அத எடுக்கறதுக்குப் பெரிய ஃபேக்டரியில பயங்கரமான சூட்டுல வேகவெக்கிறாங்க. இந்த மண்ணுல இருந்து நான் பிரிச்ச பாக்டீரியா சூடே இல்லாம அந்தக் கந்தகத்த மட்டும் பிச்சுத் தின்னும். எண்ணெய அப்படியே உட்டுடும்."

"மீன் துன்றப்ப முள்ள மட்டும் எடுக்கற மாதிரியா?"

"ஆமா. ஆனா இது முள்ளத் தின்னுட்டுச் சதைய உட்டுடும்."

"சரி, அதுக்கு இன்னா?"

"செத்துடுச்சு. அத்தனையும். பொங்கல் லீவுல லேப்ல கரண்ட் போயி, ஜெனரேட்டரும் எடுக்கல. ஐஸ் பெட்டி நின்னு போச்சு. லீவு முடிஞ்சு போய்ப் பாத்தா எல்லா டியூபும் வெதுவெதுன்னு கெடக்குது. ஒரு மாசமா மொளைக்குதா மொளைக்குதான்னு பாத்தேன். ஒண்ணும் வரல. தீசிஸ பாத்தவங்க, எல்லாஞ் சரி, கடைசிச் சோதனைய இன்னொரு வாட்டி செஞ்சு காட்டுனு கேட்டிருக்காங்க. எத வெச்சுச் செய்ய? மண்ணாவது வீட்டுல இருக்குதுன்னு வந்தேன்."

"வேற எடத்துல கெடைக்காதா அந்தப் பூச்சி?"

"இதே மாதிரி வேற வேற கெடைக்கும். நான் இத்தனை வருஷமா எழுதினது இதப் பத்திம்மா. இது இல்லன்னா, இல்லாத ஒண்ணப் பத்திக் கதை எழுதினேன்னு ஆயிடும். ஊர்ல ஒரு ஷெட்டு உடல, மண்ணு எடுத்துப் பாத்தேன். அப்துல் பாய் ஷெட்டுல மட்டும்தான் இது இருந்துச்சு. அதுலயும் அந்த பிட்டு ஓரத்துல மட்டும். ரபீக் அண்ணன்தான் தோண்டிக் குடுத்தாரு."

லாரிக்கு அடியில் நின்று வேலை பார்க்க வெட்டிய அந்தக் குழியின் ஓரத்து மண்ணைப் பச்சையம்மாளுக்கு நன்றாகத் தெரியும். போன ஆடியில் அதன்மேல் கான்கிரீட் போட்டதே அவள்தான். பரசுராமன் மேஸ்திரி மட்டம் பார்க்க, திமிசுக் கட்டையால் மண்ணை இடித்து இடித்து இறுக்கியது அவள் கை.

அது சும்மா போட்ட தரையும் இல்லை. அதற்கு முந்தின வருஷம் அதே இடத்தில் அப்துல் பாயின் மகன் ரபீக் ஒரு லாரிக்கு ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். முப்பது வருஷ ஆயில் குடித்து ஊறிய மண், ஜாக்கியை அடிக்கட்டையோடு உள்ளே வாங்கிவிட்டது. லாரி அவன் இடது காலில் உட்கார்ந்தது. காலை எடுக்கவில்லை, கம்பி வைத்துக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். கால் இருக்கிறது, மடங்காது.

*

மறுநாள் வேலை முடிந்து இரண்டு பேரும் அவலூர்பேட்டை ரோட்டுக்குப் போனார்கள். நோன்பு மாசம். அப்துல் பாய் ஒரு கரும்பு லாரிக்கு அடியில் கிடந்தார். பாதம் மட்டும் வெளியே தெரிந்தது. தகரக் கூரையின் சூடு இன்னும் இறங்கவில்லை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாத மனுஷன் அடியில் கிடந்தபடி போல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ரபீக் ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்து ஒரு டீசல் நாசிலைக் கழுவிக்கொண்டிருந்தான். கீழே குனிகிற வேலை போய், உட்கார்ந்து செய்கிற வேலை அவனுக்கு வந்திருந்தது.

"வா பச்சையக்கா. தரை வெடிச்சிருக்குதான்னு பாக்க வந்தியா? ஒரு கீறல் இல்ல. மேஸ்திரி கலவையில சிமெண்டும் போட்டிருக்கான் போல."

"போட்டுச்சு, போட்டுச்சு. நான்தான மூட்டையப் பிரிச்சேன்."

கவிநிலா விஷயத்தைச் சொன்னாள். ரபீக் நாசிலைக் கீழே வைத்தான்.

"பிட்டு ஓரத்துல, நான் மூணாவதா தோண்டிக் குடுத்தனே, அந்த எடமா?"

"அதான்ணா."

"அதுலதான் ஜாக்கி எறங்குச்சு," என்றான். பிறகு தன் காலைப் பார்த்தான். "அப்ப கீழ இருந்து இழுத்தது உன் ஆளுங்கதானா?"

அப்துல் பாய் அடியிலிருந்து நகர்ந்து வெளியே வந்து தரையிலேயே உட்கார்ந்தார். தாடியில் கிரீஸ்.

"பூச்சியா? அந்த மண்ணுல நான் ஊத்தாத ஆயில் இல்ல. ஒரு புல்லு மொளச்சதில்ல, ஒரு எறும்பு வந்ததில்ல. பூச்சி எங்கருந்தும்மா வரும்?"

"வேற எதுவும் வரமுடியாததாலதான் பாய் அது வந்துச்சு. அதுக்குப் போட்டிக்கு ஆள் இல்ல."

"இப்ப வர்ற டீசல்லதான் கந்தகமே இல்லன்றானுங்களே," என்றான் ரபீக். "எடுத்துட்டுத்தான் பங்குக்கே அனுப்பறாங்களாம். அப்புறம் உன் பூச்சிக்கு இன்னா வேலை?"

"எடுக்கறாங்கண்ணா. எடுக்கறதுக்கு எவ்ளோ எரிக்கிறாங்க தெரியுமா? அத கம்மி பண்ணலாம். அப்புறம் கப்பலுக்கு ஊத்தற எண்ணெயில இன்னும் ஜாஸ்தியாத்தான் இருக்கு."

"சரி, அவலூர்பேட்டை ரோட்டுல கப்பல் வந்துச்சுன்னா சொல்லி அனுப்பறேன்."

கவிநிலாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்துல் பாய் சிரிக்கவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. ஆனா தரை என்னுது இல்ல. வீட்டுல கேளுங்க."

ஷெட்டுக்குப் பின்னாலேயே வீடு. பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும், பேரீச்சம்பழம் வாயில் போட்டு, அப்துல் பாயின் மனைவி முன்னி பேகம் நோன்புக் கஞ்சியை எல்லோருக்கும் ஊற்றினாள். பச்சையம்மாளுக்கும் கவிநிலாவுக்கும் பெரிய கிண்ணம். சூடான கஞ்சி தொண்டையில் இறங்கியபோது பச்சையம்மாளின் கழுத்து வலிகூடக் கொஞ்சம் விட்டது போல இருந்தது. ஷெட்டில் பேசியதெல்லாம் சமையல்கட்டு வரை கேட்கும். முன்னி பேகம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"குடிச்சிட்டியா பச்சையம்மா? இன்னும் ஊத்தவா?"

"போதும் பாயம்மா."

"அப்ப கேளு. ஒடைக்கக் கூடாது."

பச்சையம்மாள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"வருசக்கணக்கா கேட்டேன் இந்த மனுசன. சிமெண்டு போடுங்க, சிமெண்டு போடுங்கன்னு. மண்ணுத் தரைன்னா ஸ்பேனர் வுழுந்தா ஒடையாதுன்னாரு. ஸ்பேனர் ஒடையல." அப்துல் பாய் தலையைக் குனிந்துகொண்டார். "என் புள்ள ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நான் அல்லாகிட்ட வேற ஒண்ணும் கேக்கல. அந்த மண்ண மூடிடணும்னு மட்டும் கேட்டேன். நீ வந்து மூடுன. தரை போட்ட அன்னிக்கு நீ இன்னா சொன்ன?"

"இனிமே எறங்காதுன்னு சொன்னேன்."

"சொன்னியா இல்லியா?"

"சொன்னேன் பாயம்மா."

"இப்ப ஒடைச்சுத் தோண்டிட்டு மறுபடி ஒட்டுப் போட்டா நிக்குமா? நீயே சொல்லு. வேற யாரையும் நான் கேக்கல."

கவிநிலா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பச்சையம்மாளுக்கு அந்தப் பார்வை கன்னத்தில் பட்டது. ஒரு தலையசைப்புப் போதும். நிக்கும் என்றால் இப்போதே கடப்பாரையை எடுத்துவிடலாம்.

"நிக்காது," என்றாள். "பழைய கான்கிரீட்டு புதுசச் சேத்துக்காது. லோடு ஏறினா ஓரத்துல விட்டுக்கும்."

"பாத்தியா!"

"பாயம்மா," என்று கவிநிலா அவசரமாகச் சொன்னாள், "அந்த பாக்டீரியாவுக்கு நான் ரபீக் மூணுன்னுதான் பேர் வெச்சிருக்கேன். அண்ணன்தான் எடுத்துக் குடுத்தாருன்னு. தீசிஸ்ல பூரா அந்தப் பேருதான்."

ரபீக் கஞ்சிக் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கினான். முன்னி பேகம் மகள் வயதில் இருந்த அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தாள்.

"பேர் வெச்சா கால் மடங்குமா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு வடை இருந்த தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.

*

வீட்டுக்கு வந்து பச்சையம்மாள் களி கிளறினாள். கழுத்தோடு சேர்ந்து தோளும் மறுத்தது. துடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக் கிளற வேண்டியிருந்தது. வேர்க்கடலைத் துவையலை வழித்து மகள் தட்டில் வைத்தாள். கவிநிலா தொடவில்லை.

"நிக்கும்னு சொல்லி இருக்கலாம்ல?"

"சொன்னா ஒடைச்சிருப்போம். அப்புறம் எவன் காலாச்சும் போவும்."

"அப்ப என்னுது?"

பச்சையம்மாள் ஒரு உருண்டையை விழுங்கினாள்.

"நீ எனக்கு மண்ணுன்னு குடுத்த. அதுல உன் உசுரு இருக்குதுன்னு சொன்னியா? சொல்லி இருந்தா நான் ஈர விறகையே மென்னிருப்பேன்."

"உனக்கு எதுக்கு அதெல்லாம்னு நெனச்சேன்."

"அதான். எனக்கு எதுக்கு அதெல்லாம்!"

கருப்பன் போன் பண்ணினான். பொண்ணு வந்திருக்குதாமே, கல்யாணத்துக்கு ஒத்துக்கிச்சா என்று உற்சாகமாகக் கேட்டான். "பூச்சிக்கு மாப்ள பாக்கறோம், வை," என்று பச்சையம்மாள் துண்டித்தாள். கவிநிலா தட்டை இழுத்துக்கொண்டு சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே, கீழ்பென்னாத்தூர் பக்கம் மாட்டுத் தீவனக் கம்பெனியில் லேப் வேலைக்கு ஆள் கேட்கிறார்கள், போய்ப் பார்க்கிறேன் என்றாள். தவிட்டில் ஈரம் எவ்வளவு என்று பார்க்கிற வேலை. சொன்னபோது குரல் பிசிறவில்லை. பச்சையம்மாளுக்கு அதுதான் பொறுக்கவில்லை. அழுதாலாவது ஒரு அதட்டு அதட்டலாம்.

*

பொழுது விடியும்போது வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். மூன்று சக்கர ஸ்கூட்டர் ஒன்று தெருவுக்குள் வந்து நின்றது. ரபீக் ஓட்டி வந்தான், பின்னால் முன்னி பேகம். இத்தனை வருஷத்தில் அவள் இந்தத் தெருவுக்கு வந்ததில்லை. ஏதோ சாவுச் செய்தி என்று பச்சையம்மாள் வாளியைக் கீழே வைத்தாள்.

"உக்காருங்க பாயம்மா. டீ வெக்கறேன்."

"நோன்பு. உக்கார வரல." வாளித் தண்ணீரைப் பார்த்தபடி நின்றாள். "சஹர் சாப்பாட்டுக்கு எழுந்தவ அப்புறம் படுக்கல. உன் பொண்ணு எந்திரிச்சிட்டாளா?"

கவிநிலா கதவோரம் வந்து நின்றாள்.

"எவ்ளோ ஆழம் வேணும் உனக்கு?"

"ஒரு முழம் போதும் பாயம்மா. அகலம் இந்தப் பாண்டு அளவுக்கு."

முன்னி பேகம் பச்சையம்மாளிடம் திரும்பினாள். "நான் அஞ்சு வேளைத் தொழுகைக்கும் அந்தத் தரையத் தாண்டித்தான் தண்ணி புடிக்கப் போறேன். நேத்து நீங்க போன பொறவு தாண்ட முடியல. இந்தப் பொண்ணு படிப்பு அதுக்குள்ள கெடக்குதுன்னு தோணுது. என் எடத்துல ஒரு காலு போனது போதும். ரெண்டாவதா இவ படிப்பும் போச்சுன்னா நான் அதும்மேல நடக்க முடியாது."

"நல்லா சொல்லும்மா, நான் சொன்னா திட்டின," என்றான் ஸ்கூட்டரிலிருந்து ரபீக்.

"நீ சும்மா இர்றா. பச்சையம்மா, கேட்டுக்க. ஒட்டு வேணாம். தோண்டி எடுத்த பொறவு அந்தப் பக்கம் பூரா பேத்துடணும். சொவுத்துல இருந்து சொவுரு வரைக்கும் ஒரே நாள்ல, ஒரே கலவையாப் போட்டுத் தரணும். மேஸ்திரிய வெச்சுக்க, வெச்சுக்காத, அது உன் பாடு. உன் கை படணும். நீதான் இடிக்கணும். நேத்து வாய்க்கு வந்தத சொல்லாம நிக்காதுன்னு சொன்ன பாரு, அதுக்காவ சொல்றேன்."

"போட்டுத் தரேன்."

"எப்போ?"

"மழைக்கு முன்னாடி."

"மழைக்கு முன்னாடி. அதுவரைக்கும் நான் அந்தப் பக்கம் வண்டி நிறுத்த உட மாட்டேன். வேலை பாதிதான் நடக்கும். பரவால்ல." ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கவிநிலாவைப் பார்த்து, "களியா துன்னீங்க? வாசனை வருது," என்றாள்.

*

வெள்ளிக்கிழமை காலையில் உடைத்தார்கள். தொழுகைக்குப் போகுமுன் முடிக்க வேண்டும் என்று அப்துல் பாய் சொல்லியிருந்தார். பரசுராமன் மேஸ்திரி சம்மட்டியோடு வந்து, விஷயத்தைக் கேட்டுவிட்டு வாய் பிளந்தார்.

"முள்ளத் துன்னுட்டுச் சதைய உடுதா? இன்னா கூறு கெட்ட ஜென்மம்மா அது!"

"நீ ஊத்திக்கினு சோத்த உடறல்ல, அது மாதிரி," என்றாள் பச்சையம்மாள்.

"என்னையும் ஒரு பாட்டில்ல போட்டு வெக்கச் சொல்லு உன் பொண்ண."

அவர் உளியைப் பிடிக்க, அவள் அடித்தாள். அவள் பிடிக்க, அவர் அடித்தார். தரை லேசில் விடவில்லை. போட்டதிலிருந்து நாள் தவறாமல் தண்ணீர் கட்டி முன்னி பேகம் ஊறவைத்த தரை. இரும்பு மாதிரி இறுகியிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் உளி துள்ளியது. கழுத்திலிருந்து முழங்கைவரை அதிர்ச்சி ஏறியது. நல்ல வேலை செய்திருக்கிறோம் என்று பச்சையம்மாளுக்குப் பெருமையாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. வியர்வை கண்ணில் இறங்க, தொண்டை காய்ந்து ஒட்டிக்கொண்டது. நோன்பு இருக்கிறவர்கள் எதிரில் சொம்பைத் தூக்க மனசு வரவில்லை.

"தண்ணி குடிடி," என்று முன்னி பேகம் வீட்டு வாசலிலிருந்து கத்தினாள். "உனக்கு இன்னா நோன்பா? மயக்கம் போட்டு வுழுந்தா அதுக்கும் என் தரைதான் கெடைச்சுதா?"

ஜல்லி பெயர்ந்து ஓட்டை விழுந்தது. பச்சையம்மாள் அதைப் பெரிதாக்காமல், கை நுழைகிற அளவுக்கு மட்டும் ஓரத்தைச் செதுக்கினாள். உள்ளே கையை விட்டு அள்ளினாள். மண் வெளுத்து, சுண்ணாம்பு பூத்த மாதிரி வந்தது. கவிநிலா விரலில் தேய்த்துப் பார்த்தாள். முகர்ந்தாள். டீசல் வாடை இல்லை.

"சிமெண்டுத் தண்ணி எறங்கி இருக்கும்மா. இந்தச் சுண்ணாம்புல ஒண்ணும் உயிரோட இருக்காது."

"இன்னும் கொஞ்சம் கைய உட்டுப் பாக்கறேன்."

"மேல பூரா இப்படித்தான் இருக்கும். ரொம்ப ஆழமாப் போகணும். அதுக்கு இந்த ஓட்டை பத்தாது." கவிநிலா எழுந்தாள். ஷெட்டைச் சுற்றிப் பார்த்தாள். பாதி உடைந்த தரை, வேலை நின்றுபோன லாரி, ஸ்டூலில் ரபீக். "போதும்மா. இத எடுத்துட்டுப் போறேன். பாத்துக்கலாம்."

பச்சையம்மாளும் சம்மட்டியைக் கீழே போட்டாள். பாண்டு அளவு என்று சொல்லிவிட்டு இதற்கு மேல் அகலமாக உடைக்க யாரிடம் எந்த வாயால் கேட்பது? பரசுராமன் பீடியை எடுத்துவிட்டு, நோன்பு ஞாபகம் வந்து திரும்பச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

முன்னி பேகம் இறங்கி வந்தாள். ஓட்டையை எட்டிப் பார்த்தாள்.

"இன்னா இது? எலி பொந்து தோண்டறீங்களா?"

"கீழ வெள்ளையா இருக்குது பாயம்மா. இன்னும் போவணும்னா அகலமா ஒடைக்கணும். அதான்..."

"ஒடைச்சது ஒடைச்சாச்சு. பாதிக் குழி வெட்டி யாருக்குடி லாபம்? எனக்குத் தரையும் இல்ல, அவளுக்கு மண்ணும் இல்லன்னு ஆகவா?" மேஸ்திரியின் கையிலிருந்து கடப்பாரையைப் பிடுங்கி ஓரத்தில் ஒரு குத்துக் குத்தினாள். ஒரு பொடிகூடப் பெயரவில்லை. "ஹா! நல்லாத்தான் போட்டிருக்கீங்க," என்று அதைத் திருப்பிக் கொடுத்தாள். "தோண்டு."

தோண்டினார்கள். பாண்டு அளவு போய்க் கூடை அளவானது. முழங்கை ஆழத்தில் மண் சாம்பலாகி, அதற்கும் கீழே கறுப்பானது. கடப்பாரை சப்பென்று இறங்கியது. பழைய வாடை குபீரென்று மேலே வந்தது. டீசலும் கிரீஸும் ஈரமும் கலந்த, ஷெட்டின் பழைய நாட்களின் வாடை. அப்துல் பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ரபீக் ஸ்டூலிலிருந்து இறங்கினான். நீட்டிய காலைத் தரையில் இழுத்துக்கொண்டு குழியோரம் வந்து குப்புறப் படுத்தான்.

"நீ ஏண்டா? மேஸ்திரி எடுப்பாரு," என்றாள் முன்னி பேகம்.

"மேஸ்திரி மூணுன்னு பேர் மாத்திடுவாங்க. நீ தள்ளு."

கவிநிலா நெருப்பில் காட்டி ஆறவைத்த கரண்டியை அவன் கையில் கொடுத்தாள். அவன் தோள்வரை உள்ளே விட்டு அள்ளி அள்ளி, அவள் நீட்டிய டப்பாக்களில் போட்டான். ஐஸ் போட்ட பெட்டியில் அவள் அடுக்கினாள். முன்னி பேகம் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு விரலைப் புடவையில் துடைத்தாள்.

*

பங்குனி போய்ச் சித்திரை நடுவில் கவிநிலா போன் பண்ணினாள். பச்சையம்மாள் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தின் சாரத்தில் நின்றிருந்தாள்.

"நீலம் வந்துடுச்சும்மா!"

"இன்னா நீலம்?"

"கந்தகத்தப் பிச்சுதுன்னா, நான் ஊத்தற மருந்துல நீலமா மாறும். கடைசி டப்பா மண்ணுல இருந்து வந்துச்சு. ஆழத்துல எடுத்ததுல மட்டும்தான். மத்த டப்பா எதுலயும் இல்ல."

"அதே பூச்சிதானா?"

"அதேதான். எல்லா வகையிலும் பாத்துட்டேன். அதேதாம்மா."

பச்சையம்மாள் சாரத்துக் கம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கீழே நின்ற ஆள் பாண்டு வருமா வராதா என்று கத்தினான். "வருது இரு, சாவாத," என்று கத்திவிட்டு, மகளிடம், "முதல்ல பாயம்மாவுக்குச் சொல்லு. அப்புறம் எனக்குச் சொல்லு," என்றாள்.

"சொல்லிட்டேன். அவங்கதான் உனக்குச் சொல்லச் சொன்னாங்க. அண்ணன் கப்பல் எப்ப வரும்னு கேட்டாரு."

கடைசிச் சோதனையைச் செய்து காட்டிவிட்டாள். தீசிஸ் போய்ச் சேர்ந்தது. ஆனியில் பட்டம் உறுதியான சேதி வந்தது. கருப்பன் பெங்களூரிலிருந்து ஸ்வீட் பாக்ஸ் வாங்கி வந்து தெருவுக்கெல்லாம் கொடுத்தான். என்ன படிப்பு என்று கேட்டவர்களுக்கெல்லாம் பெட்ரோல் டாக்டர் என்று சொன்னான்.

ஷெட்டில் குழியின்மேல் ஒரு பழைய லாரியின் இரும்புத் தகடு கிடக்கிறது. சொன்ன மாதிரியே முன்னி பேகம் அந்தப் பக்கம் வண்டி நிறுத்த விடவில்லை. இரண்டு லாரி நின்ற இடத்தில் ஒன்றுதான் நிற்கிறது. ஒருமுறை ஜல்லி கிடைத்தபோது மேஸ்திரி ஊரில் இல்லை. மேஸ்திரி வந்தபோது, அறுவடை டிராக்டர்கள் வரிசை கட்டியதால் அப்துல் பாயால் ஷெட்டை மூட முடியவில்லை. அப்புறம் பச்சையம்மாளுக்கு ஒரு மாசம் தோளைத் தூக்கவே வரவில்லை. தரையைப் பற்றி முன்னி பேகம் ஒரு தடவையும் கேட்கவில்லை. வழியில் பார்த்தால் தோள் எப்படி இருக்கிறது, கவிநிலாவுக்கு வேலை கிடைத்ததா என்று கேட்பாள். கேட்டுவிட்டு, வானத்தை ஒரு பார்வை பார்ப்பாள்.

ஆவணி முடிகிறது. சாயங்காலங்களில் மலைக்குப் பின்னால் மேகம் திரள ஆரம்பித்துவிட்டது. முன்னி பேகத்துக்கு, சுவரிலிருந்து சுவர்வரைக்கும், தன் கையால் இடித்துப் போட்ட ஒரு தரையைப் பச்சையம்மாள் இன்னும் தர வேண்டியிருக்கிறது.